இரண்டு முறை ஒலித்தது

அத்தியாயம் பதினேழு

காலை ஒன்பது மணிக்குப் பெரியவளின் திரையில் இரண்டு வேலைகள் காத்திருந்தன. இரண்டுக்கும் மாலை ஆறு மணி கெடு.

முதல் வேலை: நாற்பத்திரண்டாம் இருக்கை ஊழியருக்கு இன்று கடைசி நாள். ஆறு மணிக்கு அவருடைய போன், பாஸ்வேர்டு, அனுமதிகள் எல்லாவற்றையும் நீக்கவும்.

இரண்டாவது வேலை: கீழே உள்ள எண்ணிலிருந்து தொடர்ந்து தொல்லை அழைப்பு. நான்கு மாதத்தில் எழுபத்தொரு தடவை. நிரந்தரமாகத் தடுக்கவும்.

நாற்பத்திரண்டாம் இருக்கை அவளுடைய தம்பி சின்னவனுடையது. வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போவதாகப் போன வாரமே அவளிடம் சொல்லிவிட்டான். அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தான்.

கீழே இருந்த எண் அவளுடைய வீட்டு எண்.

அதை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். சொந்த வீட்டு எண்ணை யாரும் படிப்பதில்லை. விரல் தானாகப் போகும். படித்துப் பார்த்தபோது யாரோ ஒருவருடைய எண் போலத்தான் இருந்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் 'பர்மிஷன் அக்கா' என்று பெயர். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையம் அது. அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஊராருடைய புகார்களைக் காதில் வாங்குகிறார்கள். யாருடைய போனுக்கு வெளியிலிருந்து நேரே அழைப்பு வரலாம், யார் பழைய பேச்சுப் பதிவுகளைக் கேட்கலாம் என்பதெல்லாம் அவள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்தில் டிக் இருந்தால் உண்டு. எடுத்துவிட்டால் இல்லை. ஒன்பது வருடமாக இதுதான் வேலை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் மட்டும். அந்தப் பக்கம் அறுபது வாய்கள் அசையும்; சத்தம் வராது.

வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மா போய்ப் பதினான்கு மாதம். அதற்குப் பத்தாம் நாள் சின்னவன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு வாடகை அறைக்குப் போனான். மீதமிருப்பது அப்பாவும் அவளும். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது அப்பா கேட்பார்.

"சாவி எடுத்தியா?"

"எடுத்தேன்."

சில நாட்களில் அந்த வீட்டில் மனிதர் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

கதவு தட்டாமல் டீம் லீடர் உள்ளே வந்தாள். கையில் அறுந்த ஹெட்செட் ஒன்று.

"பர்மிஷன் அக்கா, இது மூணாவது. அந்தப் பதினெட்டாம் சீட்டு ஒயரைக் கடிச்சே தின்னுடுவா போல."

"டிராயர்ல புதுசு இருக்கு. எடுத்துக்கோ."

"அப்புறம், டிரம் தாத்தாவ பிளாக் பண்ணிட்டியா?"

"யாரு?"

"அட, அதுதான்க்கா தினம் பதினோரு மணிக்கு வர்ற கால். வாஷிங் மெஷின்ல டிரம் கழுவணுமான்னு கேப்பாரு. நேத்தும் கேட்டாரு, முந்தாநேத்தும் கேட்டாரு. புள்ளைங்களே பேரு வெச்சிடுச்சுங்க. டிரம் தாத்தா கால் யாருக்கு விழுதோ அவங்க எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்னு பந்தயம் வேற."

"எல்லாரும் சிரிப்பாங்களா?"

"பின்னே? உன் தம்பிதான் ஜாஸ்தி சிரிப்பான். அவனுக்கு ஒரு தடவை கூட விழல. அதிர்ஷ்டக்காரன்."

பெரியவள் புது ஹெட்செட்டின் காதுப் பஞ்சைச் சரி செய்து நீட்டினாள். டீம் லீடர் போன பிறகும் அவள் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

பழைய பேச்சுகளைக் கேட்கும் அனுமதியை அவள் யார் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். தனக்குக் கொடுத்துக்கொண்டதில்லை. கொடுத்தால் பதிவேட்டில் ஒரு வரி விழும்: யார் கொடுத்தது, யாருக்கு, எத்தனை மணிக்கு. அந்த வரியை அழிக்கிற அனுமதி உலகத்தில் யாருக்கும் கிடையாது.

பத்து இருபதுக்குத் தன் பெயருக்கு எதிரே டிக் போட்டாள். பதிவேட்டில் அவள் பெயர் ஒரே வரியில் இரண்டு முறை விழுந்தது.

எழுபத்தொன்றில் முதலாவதைத் திறந்தாள்.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை. உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

மூச்சுச் சத்தம். பின்னால் கடிகாரம். அந்தக் கடிகாரம் அவளுக்குத் தெரியும். வீட்டு போனுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

"ஹலோ? சார், லைன்ல இருக்கீங்களா?"

"அங்க... நாப்பத்திரண்டுல ஒருத்தர் இருப்பாரே."

"யார் எடுத்தாலும் உதவி பண்ணுவோம் சார். சொல்லுங்க."

மறுபடியும் கடிகாரம். பதினோரு விநாடி. திரையில் ஓடிய கோடு அந்தப் பதினோரு விநாடியும் தட்டையாகக் கிடந்தது.

"வாஷிங் மெஷின்ல டிரம் கழுவணுமாம்மா?"

"மாசம் ஒரு தடவை சார். வெறும் தண்ணி ஊத்தி ஓட விடுங்க."

"சரிம்மா. அங்க எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

பெண் சிரித்தாள். "சாப்பிடறோம் சார்."

"சரி. வெச்சிடறேன்."

அவள் இன்னும் நான்கைக் கேட்டாள். டிரம்தான். சாப்பாடுதான். ஒன்றில் மட்டும் வைப்பதற்கு முன்னால் அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது பதிவாகியிருந்தது: "நம்பரைப் பாத்துட்டுப் பக்கத்து ஆளுக்குத் தள்ளி விடறான்."

பெரியவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அவன் தள்ளிவிடவில்லை. அது அவளுக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்த அறுபது பேரும் வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் முன்பெல்லாம் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நேரடி எண் இருந்தது. வீட்டார் அவசரத்துக்கு அழைக்கலாம். சின்னவனுடைய எண்ணை அம்மா ஒரு தாளில் எழுதி, 'சின்னவன் ஆபீஸ்' என்று தலைப்புப் போட்டு, போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். கடைசி இலக்கங்கள் நாற்பத்திரண்டு.

அம்மா இறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார். நேரடி அழைப்பு இனி யாருக்கும் கிடையாது. எல்லாம் பொது வரிசைக்குத்தான் வர வேண்டும். முதலில் காலியாக இருப்பவர் எடுக்கட்டும்.

அவள் செய்ய வேண்டியது இரண்டு. அறுபது பேருக்கும் நேரடி அழைப்பு டிக்கை எடுப்பது. அப்படி வருகிற அழைப்புகளைப் பொது வரிசைக்குத் திருப்பிவிடுவது. முதலாவதைச் செய்துகொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கூப்பிட்டார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, வா. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டாவது கட்டம் அப்படியே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அம்மா சின்னவனைக் கேட்டாள். கேட்டது வாயால் அல்ல. கதவைப் பார்த்தாள், பிறகு அவர்களைப் பார்த்தாள். பெரியவள் அம்மாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வராந்தாவுக்குப் போய் போன் போட்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"மூணு தடவை போட்டேன். ரெண்டு தடவை அடிக்குது, கட் பண்ணிடறான்."

பதினொன்று இருபதுக்கு எல்லாம் முடிந்தது.

யாரோ மையத்தின் பொது எண்ணுக்குச் சொல்லி, பன்னிரண்டு மணிக்குச் சின்னவன் மூச்சிரைக்க வந்து நின்றான். அப்பா அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "வந்துட்டியா? லைன் ஃப்ரீ ஆச்சா?"

"எனக்கு எந்தக் காலும் வரலப்பா."

"நான் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். மெஷின் கெட்டுப்போனா அடிக்கவே அடிக்காது. ரெண்டு தடவை அடிச்சுக் கட் ஆனா அது மெஷின் இல்லடா. கை."

மூன்றாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பியபோது பாதியில் நின்ற அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பகுதியிலிருந்து அப்பாவின் செல்போன். பதினொன்று நான்கு, பதினொன்று ஆறு, பதினொன்று ஏழு. ஒவ்வொன்றும் இரண்டு முறை ஒலித்து, போக இடமில்லாமல், தானாக அறுந்திருந்தது.

விட்டுப்போன டிக்கைப் போட்டாள். அன்றிலிருந்து எல்லா நேரடி எண்களும் ஒழுங்காகப் பொது வரிசைக்குப் போகின்றன. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் துக்கம் ஆறட்டும் என்று நினைத்தாள். அப்புறம் சண்டை ஆறட்டும் என்று. அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று. ஒவ்வொரு மாதமும் அது சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

*

மதியம் அவசர மாடிப்படியில் சின்னவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். கடைசி நாளிலும் அங்கேதான் இருந்தான். மூடியில் பாதிச் சாப்பாடு, மடியிலிருந்த டப்பாவில் மீதி.

"என்னக்கா, என்னை டெலிட் பண்ண இப்பவே வந்துட்டியா? ஆறு மணி வரைக்கும் உயிரோட இருக்க விடு."

அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அது வசதியாக இருந்தது.

"டிரம் தாத்தா யாருன்னு தெரியுமா?"

"ஐயோ, அவரா? எனக்கு விழவே இல்லியே. ஒரு தடவையாவது பேசணும்னு ஆசை."

"நம்ம அப்பாடா."

டப்பாவில் ஸ்பூன் நின்றது.

"சுவத்துல ஒட்டியிருக்கே உன் நம்பர், அதுக்குத்தான் போடறார், இதுவரைக்கும் எழுவத்தோரு தடவை. அது பொது வரிசைக்குப் போயிடுது. வேற யாரோ எடுத்ததும் என்ன பேசறதுன்னு தெரியாம டிரம் பத்திக் கேக்கறார்."

கீழே எங்கோ கதவொன்று திறந்து மூடியது.

"எழுவத்தோரு தடவையா?"

"ஆமா."

"நான் சிரிச்சேன்க்கா. எல்லாரோடயும் சேர்ந்து."

"இன்னொண்ணு இருக்கு."

சொன்னாள். வெள்ளிக்கிழமை, பாதியில் நின்ற கட்டம், மூன்று அழைப்புகள், நான்கு, ஆறு, ஏழு. பரபரப்பில்லாமல், வேலை விவரம் சொல்வது போலவே சொன்னாள். வேறு மாதிரி சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

முடித்த பிறகு மாடிப்படியில் இருந்த விளக்கு, யாரும் அசையாததால், தானாக அணைந்தது. இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கையை அசைக்கவில்லை.

"நான் கட் பண்ணியிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தெரியுமா?" அவன் குரல் மேலேயிருந்து வந்தது. "கை தானா பட்டிருக்குமோன்னு. எத்தனை நாள் அந்த போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்போ நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தே."

"இருந்தேன்."

"என்னைப் பாத்துக்கிட்டு."

"ஆமா."

அவன் எழுந்தான். விளக்கு எரிந்தது. டப்பாவை மூடினான், சாப்பாடு அப்படியே இருந்தது.

"நான் அப்பாகிட்ட சொல்லப் போறேன்டா. நீ ஊருக்குப் போறதையும் சேர்த்து. உன் மேசைக்கு நேரடி அழைப்பை மறுபடியும் கொடுத்துட்டேன். அவர் போட்டா உன்கிட்டதான் அடிக்கும். எடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம்."

"மேனேஜர் பாத்தா உன் வேலை போகும்."

"போகட்டும்."

அவன் அவளைத் தாண்டி இறங்கிப் போனான். அவளுடைய தோளில் படாமல், சுவரோடு ஒட்டி, கவனமாக.

*

ஐந்து மணி வரை அவளால் போனை எடுக்க முடியவில்லை. ஐந்து பத்துக்கு எடுத்தாள்.

"ஹலோ," என்றார் அப்பா. பின்னால் அதே கடிகாரம்.

"அப்பா, நான்தான்."

"என்ன? லேட்டாகுமா?"

"நீங்க ஆபீஸுக்குப் போன் பண்றது எனக்குத் தெரியும்ப்பா."

கடிகாரம்.

"மெஷினைப் பத்திக் கேட்டேன்."

"நம்ம மெஷினை நீங்களே பிரிச்சு மாட்டுவீங்கப்பா."

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். நாற்பத்திரண்டில் சின்னவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். வாய் மட்டும் அசைந்தது.

"அன்னைக்கு அவன் கட் பண்ணலப்பா. நான்தான். நான் ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்துட்டேன். நீங்க போட்ட கால் அவன் மேசைக்கே போகல. நடுவுலேயே அறுந்துடுச்சு. மூணும்."

அங்கே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"மூணாம் நாளே எனக்குத் தெரியும். சொல்லல."

"ரெண்டு தடவை அடிச்சுதே."

"அது உங்க காதுல மட்டும்தான் அடிச்சுது. அவன்கிட்ட அடிக்கல."

இவ்வளவு நீளமான மௌனத்தை அவள் பதிவுகளில்கூடக் கேட்டதில்லை. இது பதிவாக இருந்திருந்தால் திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

"அப்பா, அவன் வேலையை விட்டுட்டான். நாளைக் காலையில ஊரை விட்டுப் போறான். ஆறு மணிக்கு அவன் நம்பரை நான் எடுத்தாகணும். அதுக்கப்புறம் அந்த நம்பர்ல யாரும் இல்ல. சுவத்துல இருக்கற நம்பருக்குப் போடுங்க. இந்தத் தடவை அவன்கிட்டதான் அடிக்கும். எடுப்பானான்னு எனக்குத் தெரியாது."

அவர் இருமினார். பிறகு சாதாரணக் குரலில், காலையில் கேட்பது போலவே கேட்டார்.

"சாவி இருக்குல்ல உன்கிட்ட?"

"இருக்குப்பா."

வைத்துவிட்டார்.

வா என்று சொன்னாரா, நான் வந்து கதவு திறக்க மாட்டேன் என்று சொன்னாரா? பெரியவளுக்குப் புரியவில்லை. ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

ஐந்தரை. ஐந்தே முக்கால். திரையில் அறுபது சின்னப் பெட்டிகள். பேசுகிறவர் பச்சை, காலியாக இருப்பவர் வெள்ளை, மணி அடித்தால் மஞ்சள். சின்னவனுடைய பெட்டி வெள்ளையாகவே கிடந்தது. அவன் இடைவேளை போடவில்லை. அடுத்த அழைப்பையும் வாங்கவில்லை. மேசையிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு மஞ்சளானது. கீழே அவள் வீட்டு எண்.

ஒன்று.

சின்னவன் பேனாவைப் பிடித்தபடியே போனைப் பார்த்தான்.

இரண்டு.

தலையைத் திருப்பி, கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவள் கையைத் தூக்கவில்லை, தலையசைக்கவில்லை. அங்கே இருந்தாள், அவ்வளவுதான்.

மூன்று. நான்கு. ஐந்து.

பச்சை.

அவன் வாய் அசையவில்லை. பெட்டிக்குக் கீழே விநாடிகள் ஓடின. பதினொன்று. இருபது. நாற்பது. ஒரு நிமிடம் ஆனபிறகுதான் அவன் உதடு அசைந்தது. என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேச்சு முடிந்ததும் பதிவைத் திறந்தால் போதும், தெரிந்துகொள்ளலாம். அவளுக்குத்தான் அனுமதி இருக்கிறதே. ஹெட்செட் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

பெரியவள் தன் பெயரைத் தேடி எடுத்தாள். காலையில் போட்ட டிக்கை நீக்கினாள். பதிவேட்டில் இன்னொரு வரி விழுந்தது.

ஆறு மணிக்கு மேனேஜர் கதவைத் திறந்தார்.

"நாற்பத்திரண்டு ஏன் இன்னும் எடுக்கல? ஆறு ஆச்சே."

"லைன்ல இருக்கார் சார்."

"இருந்தா என்ன? ஆறுன்னா ஆறு. யூசரை எடுத்தா கால் தானா கட் ஆயிடும்."

"தெரியும் சார். அதான் எடுக்கல."

"அது யார் நம்பர் தெரியுமா? நான் பிளாக் பண்ணச் சொன்ன நம்பர். நேரடி அழைப்பு வேற கொடுத்திருக்கே. காலையில உனக்கே நீ பர்மிஷன் போட்டுக்கிட்டதும் ரிப்போர்ட்ல வந்திருக்கு. என்ன நடக்குது இங்க?"

"பேசிக்கிட்டு இருக்கற லைனை என்னால அறுக்க முடியாது சார். ஒரு தடவை அறுத்திருக்கேன்."

ஒன்பது வருடத்தில் அவள் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு என் ரூமுக்கு வா. எழுதிக் கொண்டு வா எல்லாத்தையும்."

"சரி சார்."

ஆறு பதினான்குக்குப் பெட்டி வெள்ளையானது.

போகிறவர்கள் ஹெட்செட்டையும் லாக்கர் சாவியையும் அவளிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னவன் வந்தான். இரண்டையும் மேசையில் வைத்தான். நோட்டில் கையெழுத்துப் போட்டான். கண் சிவந்திருந்தது, மற்றபடி முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"கேட்டியா?"

"இல்ல."

"சரி."

கதவுவரை போனவன் நின்றான். திரும்பவில்லை.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. இன்னைக்கு முடியல."

"சரிடா."

"பஸ் காலையில ஏழு மணிக்கு," என்றான். போய்விட்டான்.

ஹெட்செட்டின் காதுப் பஞ்சு இன்னும் சூடாக இருந்தது. அதைத் துடைத்து டிராயரில் வைத்தாள். பிறகு நாற்பத்திரண்டைத் திறந்து ஒவ்வொரு டிக்காக எடுத்தாள். கடைசி டிக்கை எடுத்ததும் பெட்டி சாம்பல் நிறமானது.

இரண்டாவது வேலை மிச்சமிருந்தது. தடுக்கவில்லை. குறிப்பில் எழுதினாள்: 'இது தொல்லை அழைப்பு இல்லை. சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் இருந்தது.' வேலையை முடித்துவிட்டதாகப் போட்டாள்.

மாலை ஷிஃப்ட் கலைந்து நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. டீம் லீடர் கண்ணாடியைத் தட்டி, 'வரேன்' என்று வாயசைத்துப் போனாள்.

பெரியவள் பையைத் தோளில் மாட்டினாள். உள்ளே கையை விட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

அவள் மேசை போன் அடித்தது.

சின்னத் திரையில் வீட்டு எண்.

அப்பா பதினான்கு மாதத்தில் அவளை அலுவலகத்துக்கு அழைத்ததே இல்லை. மகனோடு பேசி முடித்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்து அழைப்பது அவளைத்தான். எதற்கு?

இரண்டு முறை ஒலித்தது.

அவள் ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டு, மூன்றாவது மணிக்காகக் காத்திருந்தாள்.